கண்ணாடி விளிம்போடு இரண்டு மாதம்

எர்பியம், இட்டெர்பியம் என்ற இரண்டு அருமண் தனிமங்கள் கலந்த பாஸ்பேட் கண்ணாடிக்குள் ஒளிக்கு ஒரு பாதை போட வேண்டும். அந்தப் பாதையில் போகும்போதே ஒளி பெருகவும் வேண்டும். சிங்கப்பூரில் ஆய்வுப் படிப்புக்குச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த வேலை இதுதான். இங்குள்ள ஆய்வாளர்கள் ஹாங்காங் குழுவோடு சேர்ந்து 2004-லேயே புரோட்டான் கற்றையால் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். அதனால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நம்பினேன்.

கற்றை வேலை சீக்கிரம்தான் முடிந்தது. 20 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் கண்ணாடிக்குள் நேராகப் போய்ச் சுமார் 40 மைக்ரோமீட்டர் ஆழத்தில் நிற்கும். நிற்கும் இடத்தில் கண்ணாடி இறுகி, ஒளிவிலகல் எண் துளி கூடும். மாற்றம் மூன்றாம் தசம இடத்தில்தான் என்றாலும் ஒளியைப் பிடித்துவைக்க அது போதும். முதல் துண்டில் புரோட்டான்களின் மின்னூட்டம் கண்ணாடியில் தேங்கி, கற்றை வரைந்த கோடுகள் வளைந்துபோயின. அது வடிந்துபோக மெல்லிய தங்கப் பூச்சு கொடுத்ததும் சரியாகிவிட்டது.

என்னை உண்மையில் வாட்டியது, ஒளி உள்ளே நுழைந்து வெளியே வரும் முனைகளை மெருகேற்றும் வேலை. பாதை இருப்பது தலைமுடியின் கனத்தைவிடக் குறைந்த ஆழத்தில். தேய்க்கும்போது முதலில் சிதறுவதும் மழுங்குவதும் அந்த மேல்விளிம்புதான். இப்படியே நான்கு துண்டுகள் போயின. பட்டறையில் இருந்த அண்ணன் ஒருநாள் பார்த்துவிட்டு, "தம்பி, இத தனியா தேய்க்காதே. மேல இன்னொரு கண்ணாடிய மெழுகு வச்சு ஒட்டு, ரெண்டையும் சேர்த்துத் தேய்" என்றார். ஒட்டியதும் விளிம்பு நடுவில் போய்விட்டது, சிதறவே இல்லை. யாரும் எழுதிவைக்காத இந்த ஒரு வரி எனக்கு முதல் வாரமே தெரிந்திருக்கலாம். அப்புறம் இன்னொன்று: பாஸ்பேட் கண்ணாடிக்கு ஈரம் ஆகாது. இந்த ஊர்க் காற்றில் வெளியே வைக்காமல், உலர் பெட்டியிலேயே வையுங்கள்.

பெருக்கத்துக்கு ஆற்றல் தரும் 980 நானோமீட்டர் லேசரைச் செலுத்தியதும் பாதை பச்சையாக ஒளிர்ந்தது. பெருக்க வேண்டிய 1534 நானோமீட்டர் சைகை ஒளியும் கூடியது. ஓடிப்போய் அக்காவிடம், ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர், சொன்னேன். "பாதையில ஆகுற இழப்பக் கழிச்சியா?" என்று கேட்டார். கழித்தேன். மிச்சம் ஒன்றுமில்லை. புரோட்டான் கண்ணாடியில் விட்டுப்போன நுண்ணிய குறைகள், அதாவது நிற மையங்கள், ஒளியை விழுங்கிக்கொண்டிருந்தன.

அவற்றைப் போக்க, அடுத்த துண்டை மெருகேற்றும் முன்பே உலையில் மெதுவாகச் சூடாக்கி ஆறவிட்டேன். முன்பு பாதி தூரத்தில் மங்கிய பச்சைக் கோடு இந்த முறை மறுமுனை வரை போனது. இழப்பைக் கழித்தும் கொஞ்சம் மிஞ்சியது. அக்காவுக்குக் கணக்கை அனுப்பிவிட்டு, பட்டறை அண்ணனைக் கூப்பிட்டு வந்து திரையில் அந்தக் கோட்டைக் காட்டினேன்.