பழைய பர்னிச்சரை உடைக்கும் முன் கழற்ற வேண்டியவை

போகி நெருங்கினால் ஓசூர் அபார்ட்மென்ட் கேட்டோரம் டிவி ஸ்டாண்டும் ஷூ ரேக்கும் குவியும். தருமபுரி, பாலக்கோடு பக்கம் கரையான் அரித்த மர அலமாரி, கால் ஆடும் கட்டில். முதல் வகையில் எடுக்க வேண்டியது சேனலும் (டிராயர் ஓடும் இரும்புத் தண்டவாளம்) ஆட்டோ ஹிஞ்சும் (கதவைத் தானாக இழுத்து மூடும் ஸ்பிரிங் கீல்). இரண்டாவதில் கீல், தாழ்ப்பாள், குமிழ். எதுவானாலும் கழற்றிவிட்டுத்தான் உடைக்க வேண்டும். சுத்தியல் அடியில் சேனல் லேசாக வளைந்தாலும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

அதிக லாபம் டிராயர் சேனலில்தான். டிராயரை முழுக்க இழுத்தால் இரு பக்கமும் கறுப்பு பிளாஸ்டிக் நாக்கு தெரியும். பெரும்பாலும் ஒன்றை மேலே தூக்கி, மற்றதைக் கீழே அழுத்தி, இரண்டையும் பிடித்தபடி இழுத்தால் டிராயர் வெளியே வந்துவிடும். ஒரு பட்டை டிராயரோடு வரும், மீதி பெட்டிக்குள் நிற்கும். இரண்டின் ஸ்க்ரூவையும் எடுத்த கையோடு ஜோடி மாறாமல் திரும்பக் கோத்து வையுங்கள். கோக்கும்போது குண்டுகள் இருக்கும் கூட்டை முன்பக்கம் இழுத்துவிட்டு, பட்டையை நேராகச் செருக வேண்டும். கோணலாகத் தள்ளினால் கூடு மடங்கிக் குண்டு கொட்டிவிடும், அந்த சேனல் பிறகு தேறாது. அழுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மிஷின் ஆயில் ஒரு சொட்டு விட்டால் போதும். கிரீஸ் அப்பினால் தூசி ஒட்டி இறுகும். வழக்கமான 45 மி.மீ. உயரச் சேனலுக்கு ஒவ்வொரு பக்கமும் 12.5 முதல் 13 மி.மீ. இடைவெளி வேண்டும், புது டிராயரை அந்தக் கணக்கில் செய்யுங்கள்.

ஆட்டோ ஹிஞ்சை அடித்தட்டோடு சேர்த்தே எடுங்கள். ஒரு கம்பெனித் தட்டில் இன்னொரு கம்பெனியின் ஹிஞ்ச் பெரும்பாலும் உட்காராது. ஹிஞ்சின் கை எவ்வளவு வளைந்திருக்கிறது என்றும் பாருங்கள்: 0, 8, 16 கிராங்க் என்று மூன்று வகை. ஒரே கதவுக்கு இரண்டைக் கலந்தால் கதவு சரியாக மூடாது.

ஸ்க்ரூவில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். ஸ்டார் தலைக்கு பெரும்பாலும் 2-ம் நம்பர் பிட். சின்ன பிட் போட்டால் தலை மழுங்கும். பெயின்ட் அடைத்த பள்ளத்தை ஆணி முனையால் சுரண்டிவிட்டு, முதலில் கால் சுற்று இறுக்கி, பிறகு திருப்புங்கள். துரு பிடித்திருந்தால் மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும். மழுங்கிய தலைக்கு சைக்கிள் டியூப் துண்டை வைத்து அழுத்தித் திருப்பலாம், அதுவும் ஆகாவிட்டால் ஆக்சா பிளேடால் பள்ளம் அறுங்கள். பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை) ஸ்க்ரூவைப் பொறுக்கிச் சேர்ப்பது வீண் வேலை என்பேன். பலகைகளை இணைக்கும் மினிஃபிக்ஸ் பூட்டும் அப்படியே.

பழைய கீல் பித்தளையா என்று காந்தம் சொல்லிவிடும்: ஒட்டினால் மேலே முலாம், உள்ளே இரும்பு. பெயின்டை எடுக்க, சமையலுக்குப் பயன்படுத்தாத பாத்திரத்தில் தண்ணீரும் சலவை சோடாவும் போட்டு அரை மணி கொதிக்க வையுங்கள், தோலாக உரியும். பிறகு புளித் தண்ணீரில் பத்து நிமிஷம்; அதிகம் ஊறினால் பித்தளை செம்பு நிறமாகிவிடும். இரும்புத் துருவுக்கு வினிகர் ஒரு ராத்திரி, அப்புறம் சோடா உப்புத் தண்ணீரில் அலசித் துடைத்து எண்ணெய். துத்தநாக முலாம் உள்ளதை மட்டும் வினிகரில் போடாதீர்கள், முலாம் கரைந்துவிடும். கீல் தகடுகளை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆணி தேய்ந்து தளர்ந்திருந்தால் கதவு தொங்கும்.

சுழல் நாற்காலியின் சக்கரங்களை இழுத்து எடுக்கலாம். ஆனால் நடுவில் இருக்கும் கேஸ் சிலிண்டரையும், ஹைட்ராலிக் கட்டிலின் கேஸ் தண்டையும் அறுக்கவோ சூடாக்கவோ கூடாது, அழுத்தத்தில் வெடிக்கும். மைக்கா ஒட்டிய பலகையைப் போகித் தீயில் போடுவதும் தப்பு. அதில் இருக்கும் பசையின் புகை கண்ணையும் மூச்சையும் எரிக்கும்.

திரும்ப மாட்டும் இடத்தில் பழைய துளை தளர்ந்திருந்தால் மருந்து இல்லாத தீக்குச்சி இரண்டு மூன்றை ஃபெவிகாலில் தோய்த்து உள்ளே அடித்து, காய்ந்ததும் சமமாக நறுக்குங்கள். அதே அளவு ஸ்க்ரூ கெட்டியாகப் பிடிக்கும்.