கானாடுகாத்தானில் தொடங்கி முனீஸ்வரன் கோவில் தெரு வரை: செட்டிநாட்டில் ஒரு மரபு நடை

செட்டிநாட்டைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் காரைக்குடியில் வந்து இறங்கி, ஒரு காரை வாடகைக்கு அமர்த்தி, இரண்டு மூன்று பெரிய வீடுகளின் தூண்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, மதியம் இலைச்சாப்பாட்டை முடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தாலும் கண்ணுக்கு நிறைவுதான். ஆனால் இந்த ஊர்களை நடந்து பார்க்க வேண்டும், அதுவும் இவற்றின் கணக்குவழக்கு அறிந்த ஒருவரோடு நடந்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் நடந்த வட்டிக்கடை என்ற ஒரு பெருந்தொழிலுக்குத் தலைமையிடமாக இருந்த ஊர்கள் இவை. ஆலைகள் ஓய்ந்துபோன நகரங்களில் மரபு நடை அழைத்துச் செல்கிறவர்கள் புகைபோக்கியைக் காட்டி, வேலை இங்கேதான் நடந்தது என்று சொல்லிவிட முடியும். செட்டிநாட்டில் அப்படிக் காட்ட எதுவும் இல்லை. தொழில் கடலுக்கு அப்பால் நடந்தது. அதன் வரவு தூணாகவும் தரையாகவும் இங்கே நிற்கிறது. இவற்றைக் கொண்டு அந்தத் தொழிலை விளக்கத் தெரிந்த வழிகாட்டி கிடைத்தால் வந்த காரியம் முழுமையாகும்.

எங்களுக்கு வாய்த்தவர் அப்படிப்பட்டவர். நடை தொடங்கிய கானாடுகாத்தானிலேயே பிறந்து வளர்ந்தவர்; அவருடைய தகப்பனார் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவராம். வெயில் ஏறுவதற்கு முன்பே நடையைத் தொடங்கிவிட வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். காலை வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில்தான் முகப்புகளின் மேலே உள்ள சுதை வேலைப்பாடு ஒவ்வொன்றாகத் துலங்குகிறது. நடுவில் கஜலட்சுமி, அவளுக்கு இருபுறமும் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் என்று ஒரு வீட்டு முகப்பில் பார்த்தேன். செல்வத்தையும் அதற்குக் காவலாக நின்ற ஆட்சியையும் சுதை செய்தவர் ஒரே வரிசையில் வைத்துவிட்டார்.

தெருக்களின் அமைப்பைத்தான் முதலில் கவனிக்கச் சொன்னார். நேர்கோட்டில் ஓடி ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் தெருக்கள். ஒரு தெருவில் வாசல் வைத்துத் தொடங்கும் வீடு அடுத்த தெருவில்தான் முடிகிறது. முன்தெரு வாசலில் நின்று உள்ளே பார்த்தால், எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும் நாளில், பின்தெரு வெளிச்சம் தெரியும். மழைநீர் ஓட்டின் சரிவில் இறங்கி முற்றத்தில் விழுந்து, மிகுதி தெரு வாய்க்கால் வழியே ஊரணிக்குப் போய்ச் சேரும்படி தரைமட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. மழை குறைந்த செம்மண் பூமியில் ஊரை அமைத்தவர்கள் மாளிகைக்குக் கொடுத்த கவனத்தைத் தண்ணீருக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நடந்தால்தான் உணர முடிகிறது.

காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்பது இந்த ஊர்களின் செட்டியார்களான நகரத்தார் மரபாகச் சொல்லிவரும் வரலாறு. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பது கோயில்களை ஒட்டியே இன்றும் அவர்களுடைய திருமண உறவுகள் அமைகின்றன. தொண்ணூற்றாறு ஊர்கள் என்று சொல்லப்பட்ட நாடு இப்போது எழுபத்துச் சொச்சம் ஊர்களாகச் சுருங்கி, சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கிறது. இந்த ஊர்த்தொகுதிகளை இந்திய அரசு 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்த்தது.

அரண்மனையை வெளியிலிருந்துதான் பார்த்தோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1912இல் கட்டியது அது. ஊரின் எல்லாப் படங்களிலும் அதுவே இடம்பெறுவதால் இங்கே விரித்து எழுதப் போவதில்லை.

அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குள் நுழைய அனுமதி வாங்கி வைத்திருந்தார். நடையின் சாரமான பகுதி அதுதான். உயரமான திண்ணையில் ஏறியதும் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, "இதுதான் ஆபீசு" என்றார். முகப்புத் திண்ணையில் கணக்கப்பிள்ளை சாய்வுப் பலகை வைத்த பெட்டிக்குப் பின்னால் சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். வெளியார் வரவும் கொடுக்கல் வாங்கலும் அந்த இடத்தோடு சரி. அதைத் தாண்டினால் வளவு. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். திருமணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை. அந்த அறையில் அவரவர் பெட்டகமும் சாமான்களும் இருக்கும். கூட்டுக் குடும்பமாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் தனிச் சமையல், தனிக் கணக்கு. இரண்டாங்கட்டில் பந்தி, அதற்கும் பின்னால் அடுப்படி, அதற்கப்பால் பின்தெருவில் திறக்கும் வாசல்.

தூண்கள் பர்மாத் தேக்கு. இரண்டு பேர் கைகோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடிகிற பருமன். தரையில் இத்தாலியப் பளிங்கு, சுவரில் பெல்ஜியக் கண்ணாடி, தாழ்வாரச் சுவரின் கீழ்ப்பகுதியில் ஜப்பானிலிருந்து வந்த பூ ஓடுகள். இந்தப் பட்டியலை எல்லா வழிகாட்டிகளும் ஒப்பிப்பார்கள். எங்களவர் அங்கே நிற்காமல், இவை எப்படி வந்தன என்ற கேள்விக்குப் போனார். 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானது; 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது; ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காட்டைத் திருத்தி நெல் பயிரிட முதல் இல்லாத பர்மிய விவசாயிக்கு ஆங்கிலேய வங்கிகள் கடன் கொடுக்க முன்வரவில்லை. அந்த இடைவெளியில் நின்றவர்கள் நகரத்தார்கள். பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவன் அடுத்தாளாகி, மேலாளாகி, பின்பு ஏஜண்டாகி ஒரு வட்டிக்கடையையே பொறுப்பேற்று நடத்துவான். மூன்று ஆண்டுகள் ஒரு கணக்கு. கணக்கு முடிந்தால்தான் ஊர் திரும்புவது. ரங்கூன் மொகல் தெருவில் கூடி நடப்பு வட்டியைத் தங்களுக்குள் நிர்ணயித்துக்கொண்டார்கள்.

ஆண்கள் அக்கரையில் இருந்த ஆண்டுகளில் வீட்டையும் வரவு செலவையும் நடத்தியவர்கள் ஆச்சிகள் எனப்படும் வீட்டுப் பெண்கள். அவர்கள் சீதனமாகக் கொண்டுவந்த பணம் உறவினர் கடைகளில் வட்டிக்கு வைக்கப்பட்டு, ஆச்சிமார் பணம் என்று தனிக் கணக்கில் வளர்ந்தது. முற்றத்தில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த மூத்த ஆச்சியிடம், "ஆச்சி, உங்க காலத்துலயும் கணக்கு பார்த்தீகளா?" என்று வழிகாட்டி கேட்டார். "பார்க்காம? எழுதுன சீட்டு இன்னும் பெட்டகத்துல கெடக்குப்பா" என்றார் அவர். அதற்கு மேல் பேச்சை வளர்க்கவில்லை. வற்றல் தட்டைத் திருப்பி வைப்பதில் கவனமாகிவிட்டார். மரபு நடைகளில் ஆச்சிகளைப் பற்றிச் சமையலோடு சேர்த்து மட்டுமே பேசுவது பெரும் குறை என்று எனக்குப் படுகிறது. மூலதனத்தில் ஒரு பங்கு அவர்களுடையது.

இதே இடத்தில் சொல்லியாக வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தபோது பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் கைமாறின. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடு விளைநிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடாகிவிட்டது. விளைநிலத்தில் கால்பங்கு வெளியூரார் கையில் இருந்தால் அந்த நாட்டு மக்கள் மனம் எப்படிக் கொதித்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். வட்டிக்காரர்கள் நிலம் தேடிப் போகவில்லை, அவர்களுக்கு ரொக்கம்தான் வேண்டியிருந்தது என்பதும் உண்மை. நிலம் இழந்தவனுக்கு அந்த வேறுபாட்டால் ஆறுதல் கிடைத்திருக்காது என்பதும் உண்மை. வழிகாட்டி இரண்டையும் சொன்னார், குரலை உயர்த்தாமலும் மழுப்பாமலும் சொன்னார். அதற்காகவே அவரை மதிக்கிறேன். தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கிறவருக்கு ஐராவதிக் கரையின் நெல்வயலும் நினைவுக்கு வர வேண்டும்.

1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது பலர் கால்நடையாகவே இந்தியா வந்து சேர்ந்தார்கள். விடுதலைக்குப் பின் பர்மாவில் நில உடைமை தேசியமயமானது. 1960களில் மிச்சமிருந்த கடைகளும் போயின. செட்டிநாட்டு வீடுகளின் கட்டுமானம் நின்றதும் பராமரிப்பு தளர்ந்ததும் இந்தக் கணக்கோடு சேர்ந்தவை. முதல் முழுவதும் முடங்கிவிடவில்லை. ஒரு பகுதி வங்கியாகவும் ஆலையாகவும் கல்விக்கூடமாகவும் உருமாறியது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10ஆம் நாள் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தது. சென்னைக்கும் ரங்கூனுக்கும் சமமாகக் காரைக்குடி வைத்து எண்ணப்பட்ட காலம் அது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். மரபு நடையின் பாதையில் இந்த ஆய்வகமும் அழகப்பரின் கல்லூரி வளாகமும் சேர்வதில்லை. சேர வேண்டும் என்பேன்.

பிற்பகலில், பூ வேலைத் தரைக்கற்கள் செய்யும் ஆத்தங்குடிக்குப் போனோம். இங்கே தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பட்டறை என்பது ஒரு கொட்டகை. நான்கைந்து பேர் தாழ்ந்த மேடைகளுக்கு முன் அமர்ந்திருந்தார்கள். ஒருவர் சதுரக் கண்ணாடித் துண்டைத் துணியால் துடைத்து மேடையில் வைத்தார். அதைச் சுற்றி இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, உள்ளே பூ வடிவத்தில் வளைத்த தகட்டு அச்சை இறக்கினார். சிமெண்டோடு கலந்து கரைத்த சாயங்களைச் சிறு கரண்டியால் மொண்டு, சிவப்பு ஒரு கட்டத்தில், பச்சை ஒரு கட்டத்தில், மஞ்சள் நடுவில் என்று ஊற்றிக்கொண்டே போனார். ஒரு சொட்டுகூடப் பக்கத்துக் கட்டத்தில் தெறிக்கவில்லை. பிறகு மூச்சை அடக்கினாற்போல அச்சை நேராக மேலே தூக்கினார். நிறங்கள் கலக்காமல் நின்றன. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, ஈரக் கலவையை நிரப்பிக் கரணையால் மட்டம் செய்து, சட்டத்தைக் கழற்றி ஒதுக்கினார். எல்லாம் சேர்ந்து சில நிமிடங்கள்.

சூளை கிடையாது, சுடுவது கிடையாது. ஒருநாள் உலர்ந்தபின் கற்களைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, மறுபடி உலர்த்துகிறார்கள். அப்போது கண்ணாடி தானாகக் கழன்று வருகிறது. அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் பளபளப்பு. நடக்க நடக்க மெருகு கூடும் தரை இது. ஆள் புழங்காமல் பூட்டிக் கிடக்கும் வீட்டில் மங்கிப்போகும். இந்தத் தொழிலாளர்களின் கையில் சாயம் ஏறிய விரல்களைப் பார்த்தபோது, காலையில் பார்த்த மாளிகைகளின் சுவரை முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புச் சாந்தால் கண்ணாடிபோலத் தேய்த்து எடுத்த கொத்தனார்களின் பெயர் எந்த முகப்பிலும் இல்லையே என்று தோன்றியது. கட்டியவரின் விலாசம் எனப்படும் குடும்ப முன்னெழுத்துகள் மட்டுமே கதவுக்கு மேலே இருக்கின்றன.

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்யும் இடத்தையும் பார்த்தோம். தறி அன்று ஓடவில்லை. தடித்த நூலில் அகலக் கரையும் கட்டமும் போட்ட அந்தச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

நடை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் முடிந்தது. பழம்பொருள் கடைகளின் தெரு அது. எனாமல் தூக்குகள், ரவிவர்மா அச்சுப் படங்கள், பித்தளைக் குத்துவிளக்குகள், ஊஞ்சல் சங்கிலிகள் எல்லாம் வாசல் வரை குவிந்திருக்கின்றன. கடைகளின் பின்பக்கத்தில் நிலைகளும் தூண்களும் உத்தரங்களும் அடுக்கிக் கிடக்கின்றன; முழு வீடுகள் பிரிந்து வந்த துண்டுகள். ஒரு வீட்டுக்கு இருபது முப்பது புள்ளிகள் பங்குதாரர்களாகிவிட்டால், ஓடு மாற்றவும் எல்லாருடைய சம்மதமும் வேண்டும், செலவும் பிரிய வேண்டும். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் அமெரிக்காவில். கூரை ஒழுகத் தொடங்கிச் சில மழைக்காலம் போனால் தேக்கை விற்றுப் பங்கு பிரித்துக்கொள்வதே எளிதான முடிவாகிவிடுகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மணிவிழாச் சாந்திக்கும் ஊர் திரும்பி, பூட்டைத் திறந்து, வளவைக் கழுவிவிடும் குடும்பங்கள் இருக்கும்வரை அந்த வீடுகள் நிற்கின்றன. விடுதியாக மாற்றப்பட்டுப் பிழைத்த வீடுகளும் சில உண்டு. நடைக்கு வருகிறவர்கள் கொடுக்கும் நுழைவுக் கட்டணமும் காவல் இருப்பவருக்கு ஒரு மாதச் சம்பளத்தின் சிறு பகுதியாவது ஆகிறது என்றார் வழிகாட்டி.

போக நினைப்பவர்கள் மார்கழி, தை மாதங்களைத் தேர்ந்துகொள்ளலாம். சித்திரை வெயிலில் இந்தத் தெருக்களில் நடக்க முடியாது. குடியிருக்கும் வீடுகளில் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். ஆத்தங்குடிப் பட்டறையில் வேலை நடக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, மாளிகைகளுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது அங்கே ஒதுக்குங்கள்.