டெஸ்க்டாப் இல்லாத டெபியனில் பென்டிரைவ் தானாக மவுன்ட் ஆக

திரை போன பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் 12 (லினக்ஸ் வகைகளில் ஒன்று) போட்டு, வீட்டுப் படங்களுக்கும் பாட்டுகளுக்கும் சர்வராக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். க்னோமோ கேடிஇயோ மாதிரி டெஸ்க்டாப் இருந்தால், பென்டிரைவை மவுன்ட் செய்வதை, அதாவது உள்ளிருப்பவை ஒரு ஃபோல்டரில் தெரியும்படி இணைப்பதை, யூடிஸ்க்ஸ் என்ற சேவை பார்த்துக்கொள்ளும். இங்கே பென்டிரைவைச் சொருகினால் லினக்ஸின் மையமான கர்னலின் லாகில் நாலு வரி ஓடும், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் உள்ளே நுழைந்து கட்டளை அடிக்க வீட்டில் வேறு யாருக்கும் பொறுமை கிடையாது.

பழைய குறிப்புகளில், சாதனம் சொருகியதும் என்ன செய்வதென்று பார்க்கிற யூடெவின் ரூலிலிருந்தே நேராக மவுன்ட்டை ஓட்டச் சொல்லியிருக்கும். இன்றைய டெபியனில் அது பலிக்காது. யூடெவ் இப்போது சாண்ட்பாக்ஸ் என்ற பாதுகாப்பு வேலிக்குள் ஓடுகிறது. அதற்கென்று தனி மவுன்ட் நேம்ஸ்பேஸ் (தனக்கு மட்டுமான மவுன்ட் பட்டியல்) இருப்பதால், உள்ளே எதை மவுன்ட் செய்தாலும் வெளியே தெரியாது. போதாததற்கு, மவுன்ட் செய்யச் சொல்லிக் கர்னலைக் கேட்கிற அழைப்பையே (சிஸ்டம் கால்) தடுத்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தவும் வழி உண்டு. ஆனால் ஒரு பென்டிரைவுக்காக வேலியையே பிடுங்குவானேன்?

அதனால் ரூலில் சிஸ்டம்டி-மவுன்ட்டைப் போட்டேன். அது வேலையை, சேவைகளை நிர்வகிக்கிற சிஸ்டம்டியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். யூடெவைக் காக்க வைக்காமல் இருக்க ‘நோ-ப்ளாக்’ ஆப்ஷன் கட்டாயம் வேண்டும். யூஎஸ்பி வழியாக வந்ததா, உள்ளே ஃபைல்சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) இருக்கிறதா என்று ரூலிலேயே பார்த்துவிட்டால் உள் டிஸ்க் இதில் மாட்டாது.

டிவைஸை மட்டும் கொடுத்தால் போதும். பென்டிரைவுக்கு வைத்த பெயரை (லேபிள்) படித்து, ரன்-மீடியா-சிஸ்டம் ஃபோல்டருக்குள் அதே பெயரில் இடம் பிடித்துவிடுகிறது. உடனே மவுன்ட் ஆவதில்லை. ஆட்டோமவுன்ட் மட்டும் தயாராக நிற்கும். யாராவது ஃபோல்டரைத் திறந்தால்தான் மவுன்ட் ஆகும், கடைசியாகத் தொட்டு 1 விநாடி கழிந்ததும் தானே அன்மவுன்ட் ஆகும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். மவுன்ட் பட்டியலைப் பார்த்துக்கொண்டே ஒரு படத்தைக் காப்பி செய்தேன்: பென்டிரைவின் ஃபைல்சிஸ்டமான விஃபேட்டின் வரி வந்தது, சற்று நேரத்தில் மறைந்தது, ஆட்டோமவுன்ட் காத்திருப்பதைக் காட்டும் ஆட்டோஎஃப்எஸ் வரி மட்டும் மிஞ்சியது. பெரிய வீடியோ என்றால், காப்பி முடிந்ததாகக் காட்டிய பிறகும் பென்டிரைவின் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அது நின்ற பிறகு கழற்றச் சொல்லிவிட்டேன்.

யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்கை மாட்டியபோது ஆட்டோமவுன்ட் வரவில்லை, நேராகவே மவுன்ட் ஆகிவிட்டது. டிவைஸ் விவரங்களைக் கர்னல் காட்டுகிற சிஸ்எஃப்எஸ்ஸில் ‘ரிமூவபிள்’ மதிப்பு பென்டிரைவுக்கு 1, ஹார்டு டிஸ்க்குக்கு 0. கேபிளைப் பிடுங்கினால் கழன்று வருகிற ஒன்றுதான், ஆனால் கர்னலின் கணக்கில் அது கழற்றக்கூடியது அல்ல! ரூலில் ஆட்டோமவுன்ட்டையும் ஐடில் நேரத்தையும் (எவ்வளவு நேரம் தொடாவிட்டால் அன்மவுன்ட் என்பதை) வெளிப்படையாக எழுதியதும் சரியானது.

அப்புறம் உரிமை விஷயம். விஃபேட்டில் எல்லாம் ரூட் (நிர்வாகி) பெயரில் வந்து நிற்கும், அதை வேறு பயனர் பெயருக்கு மாற்ற ‘ஓனர்’ ஆப்ஷன். அதையே எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல்சிஸ்டம் உள்ள டிஸ்க்குக்குக் கொடுத்தால் சிஸ்டம்டி-மவுன்ட் மறுத்துவிடும். ஆகவே ஃபைல்சிஸ்டத்தைப் பார்த்துப் பிரிக்கிற மாதிரி இரண்டு ரூல்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு: ஏதாவது டெர்மினல் அந்த ஃபோல்டருக்குள்ளேயே நின்றால் அன்மவுன்ட் நடக்காது. டெர்மினலைப் பின்னணியில் ஓடவிடுகிற டிமக்ஸைத் திறந்தபடி விட்டுப் போகிற ஆள் வீட்டில் நான் ஒருவன்தான், அதனால் இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன்.