உண்டாகியிருந்தபோது வந்த காய்ச்சல்

வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்கான மையத்தில் இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கிறேன். புதிதாக வரும் தாயிடம் தவறாமல் கேட்பேன்: "உண்டாகியிருந்தப்போ காய்ச்சல், உடம்புல தடிப்பு ஏதாவது வந்துச்சாம்மா?"

பெரும்பாலும் மாமியார் முந்திக்கொள்வார். "சொன்ன பேச்சைக் கேட்டாத்தானே? கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தா." அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். அதனால் இப்போதெல்லாம் தாயைத் தனியாக உட்காரவைத்துத்தான் கேட்கிறேன். "வேர்க்குரு மாதிரி வந்துச்சு மேடம், ரெண்டு நாள்ல தானா போயிடுச்சு" என்பது போன்ற பதில்கள் அப்போதுதான் வருகின்றன.

ரூபெல்லா என்கிற வைரஸ் தொற்று அப்படித்தான் வந்து போகும். பலருக்குத் தடிப்புகூடத் தெரியாது. ஆனால் கர்ப்பத்தின் முதல் 12 வாரங்களில் வந்தால் சிசுவைப் பாதிக்கும் வாய்ப்பு 90 சதவீதம் வரை உண்டு. கண், காது, இதயம், மூளை எல்லாம் உருவாகும் வாரங்கள் அவை. 1941-இல் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்களை விசாரித்துத்தான் இந்தத் தொடர்பைக் கண்டார்.

என்னை அதிகம் வருத்துவது சி.எம்.வி. என்கிற சைட்டோமெகலோ வைரஸ். சின்னக் குழந்தைகளின் எச்சில், சிறுநீர் வழியாகக் கர்ப்பிணிக்குத் தொற்றும்; அவரிடமிருந்து வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் போகலாம். பெரும்பாலும் கர்ப்பிணிக்கு எந்த அறிகுறியும் தெரியாது. பிறந்த 21 நாட்களுக்குள் குழந்தையின் எச்சிலையோ சிறுநீரையோ சோதித்தால் உறுதியாகச் சொல்லலாம். அதற்கப்புறம், வயிற்றிலேயே தொற்றியதா, பிறந்தபின் தொற்றியதா என்று பிரிப்பது கடினம். எங்களிடம் வருபவர்களோ, "எட்டு மாசமாச்சு, தலை நிக்கல" என்று வருகிறார்கள். பிறந்தபோது நன்றாகக் கேட்ட காதும் இந்தத் தொற்றால் பின்னால் மந்தமாகலாம். கேட்காமல் போனால் பேச்சும் தள்ளிப்போகும். சந்தேகமிருந்தால் செவித்திறன் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறேன்.

சி.எம்.வி.க்குத் தடுப்பூசி இல்லை. குழந்தையின் மூக்கைத் துடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, அது தின்ற மிச்சத்தைச் சாப்பிடாமல் இருப்பது, இவைதான் வழி. ரூபெல்லாவுக்குத் தடுப்பூசி இருந்தும் ஒரு குழந்தை பாதிக்கப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 15 வயது வரை உள்ளவர்களுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப் வதந்திக்குப் பயந்து மறுத்த பெற்றோரும் உண்டு. அப்போதே வயது தாண்டியிருந்த பெண்கள் பலர் இன்று கர்ப்பிணிகள். கர்ப்பத்தில் அந்த ஊசியைப் போடக் கூடாது. போட்டபின் ஒரு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். எனவே துணைக்கு வரும் நாத்தனார், தங்கை எல்லோரிடமும் கல்யாணத்துக்கு முன்பே டாக்டரைப் பார்க்கச் சொல்கிறேன். மாமியாரையும் உட்காரவைத்து, இது கிருமி செய்த வேலை, உங்கள் மருமகள் செய்ததல்ல என்று விளக்குகிறேன். அதைச் சொல்லி முடித்த பிறகே பயிற்சியைத் தொடங்குகிறேன்.