ஆயிரம் யார்டு பயிற்சிக்குக் கிளம்பும் முன்

இரண்டு நாள் தொலைதூர ரைஃபிள் பயிற்சிக்குப் பணம் கட்டுகிற பலருக்கும் ஒரே ஆசைதான்: 1000 யார்டில் ஒரு முறையாவது அடித்துவிட வேண்டும். (யார்டு என்பது நம் ஜவுளிக்கடை கெஜம்தான், 91 சென்டிமீட்டர் சொச்சம்.) அமெரிக்காவில் நடக்கும் பயிற்சிகளில் அந்த ஆசை பெரும்பாலும் சீக்கிரமே நிறைவேறிவிடும். ஒழுங்காக ஸீரோ செய்த (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த) 6.5 கிரீட்மோர் வகைத் தோட்டா ரைஃபிளும், பக்கத்தில் உட்கார்ந்து காற்றைப் பார்த்து "இடது 1.4 பிடி" என்று சொல்ல ஒரு பயிற்றுநரும் இருந்தால் போதும். காற்றுக்காகக் குறியை நகர்த்த வேண்டிய அந்த 1.4 மில்லை அவர் சொல்லாமல் நீங்களே கண்டுபிடிக்கத்தான் இந்தப் பயிற்சியே.

குண்டு எவ்வளவு இறங்கும் என்பது வெறும் கணக்கு. வேகம், குண்டின் வடிவம், காற்றின் அடர்த்தி இவை தெரிந்தால் கைபேசிச் செயலி சொல்லிவிடும். பக்கவாட்டுக்கு அப்படி வழியில்லை. காற்று மணிக்கு எத்தனை மைல் என்று நீங்கள் சொன்னால்தான் செயலி கணக்கே போடும். 140 கிரெய்ன் எடையுள்ள குண்டு, வினாடிக்கு 2710 அடி வேகம், கடல்மட்டக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மைல் குறுக்குக் காற்று அதை 1000 யார்டில் சுமார் 2 மில் தள்ளும். மில் என்பது கோண அளவு, தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; 1000 யார்டில் 1 மில் என்பது 36 அங்குலம். ஆக 6 அடி. காற்றை 2 மைல் தப்பாகப் படித்தால் 14 அங்குலம் பிசகும். இலக்காக நிற்கும் தகட்டின் அகலம் 20 அங்குலம் என்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு 10 அங்குலம்தான். கன்னத்தில் படுகிற காற்று 8 மைலா 10 மைலா என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

அதனால் காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள். பயிற்சி நேரத்தில் ஸ்கோப் திருகை இறுக்கிக்கொண்டிருப்பது காசைக் கரியாக்குகிற வேலை.

முதலில் விசா விஷயம். ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1, எல்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசுச் சட்டம் தடை செய்கிறது. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்தாலும், நண்பருடையதை ஐந்து நிமிடம் வாங்கிச் சுட்டாலும் அது "வைத்திருப்பது"தான். பலரும் நம்பிப் போகிற விதிவிலக்கு, ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அதை எடுத்துக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. பயிற்சிக்குப் பதிவு செய்யும்போது யாரும் இதைக் கேட்காமல் போகலாம், பொறுப்பு உங்களுடையதுதான்.

இனி ரைஃபிள். ஸ்கோப் வளையத் திருகுகளுக்குப் பொதுவாக 15 முதல் 18 அங்குல-பவுண்டு முறுக்கு போதும். ஸ்கோப் அடிப்பகுதிக்கும், ரைஃபிளைக் கட்டையோடு பிணைக்கும் ஆக்‌ஷன் திருகுகளுக்கும் தயாரிப்பாளர் சொன்ன எண்ணைப் பாருங்கள். கைக்கணக்கில் இறுக்க வேண்டாம், டார்க் ரெஞ்ச் வாங்கிவிடுங்கள். வளையத்தை அதிகம் இறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கி உள்ளே டரெட் (குறியை ஏற்றி இறக்கும் குமிழ்) நகர்வது கெடும். தளர்வாக விட்டால் ஒவ்வொரு உதைக்கும் ஸ்கோப் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவும்.

அடுத்தது பலரும் செய்யாமல் விடுகிற சோதனை. 100 யார்டில் உயரமான அட்டை ஒன்றை நிறுத்தி, தூக்குநூல் கட்டி, அதை ஒட்டிச் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். கீழே ஒரு புள்ளி. ஐந்து குண்டு சுடுங்கள். டரெட்டை 10 மில் ஏற்றி, அதே புள்ளியைக் குறிவைத்து மறுபடி ஐந்து. இரண்டு கூட்டங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே சரியாக 36 அங்குலம் இருக்க வேண்டும். 35.3 வந்தால் உங்கள் ஸ்கோப் 2 சதவீதம் குறைவாக நகர்கிறது. 9 மில் ஏற்றும்போது அது கிட்டத்தட்ட 0.2 மில், 1000 யார்டில் 6 அங்குலத்துக்கு மேல். குண்டுகள் கோட்டை விட்டுப் பக்கத்தில் ஏறினால் ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு) சாய்ந்திருக்கிறது. 1 டிகிரி சாய்வு 1000 யார்டில் 5 அங்குலத்துக்கு மேல் பக்கவாட்டில் கொண்டுபோய் விடும். இதைக் கண்டுபிடிக்காமல் போனவர் இரண்டு நாளும் காற்றைத் திட்டிக்கொண்டிருப்பார்.

ஸீரோவுக்கு மூன்று குண்டு போதாது, பத்துச் சுடுங்கள். வேகத்தை ரேடார் வகைக் கருவியில் அளந்து, சராசரியையும் ஏற்ற இறக்கத்தையும் எழுதுங்கள். வினாடிக்கு 10 அடி வித்தியாசம் 1000 யார்டில் ஏறக்குறைய 3 அங்குலம் மேலோ கீழோ ஆகும். ஒரே பெட்டியில் 50 அடி வித்தியாசம் காட்டுகிற தோட்டாவைக் கொண்டுபோனால் என்னதான் நன்றாகச் சுட்டாலும் குண்டுகள் மேலும் கீழும் சிதறும். இரண்டு நாளுக்கு 200 தோட்டாவாவது வேண்டும், எல்லாமே ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில். லாட் மாறினால் வேகம் மாறும், பழைய கணக்கு முழுக்க வீண்.

படுத்துச் சுடும் நிலையில் உடம்பு ரைஃபிளுக்கு நேர் பின்னால் இருக்கட்டும். பைபாடில் (ரைஃபிளின் முன்பக்கக் கால்களில்) முன்னோக்கி லேசாகச் சாய்ந்து, பின்பக்கம் மணல் பையை இடது கையால் பிடித்து ஏற்றி இறக்குங்கள். இலக்கைப் பிடித்தபின் கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டு, திறந்து பாருங்கள். ரெட்டிகிள் விலகியிருந்தால் கையால் இழுத்துக் கொண்டுவராதீர்கள், இடுப்பை நகர்த்துங்கள். சுட்டதும் குறி இடப்பக்கம் துள்ளிப் போகிறதென்றால் நீங்கள் கோணலாகப் படுத்திருக்கிறீர்கள். ட்ரிக்கரை இழுத்த விரல் உதை அடங்கும் வரை அங்கேயே இருக்கட்டும். உருப்பெருக்கத்தை 25-ல் வைத்தால் குண்டு விழுந்த இடம் பார்வைக்கே சிக்காது. 12 முதல் 16 போதும்.

இனி காற்று. எளிமையான ஒரு கணக்கு இருக்கிறது. குண்டின் ஜி1 எண் (காற்றுத் தடையைச் சமாளிக்கும் திறனின் அளவு) 0.6-ஐ ஒட்டி இருந்தால் உங்களுடையது "6 மைல் ரைஃபிள்". 6 மைல் குறுக்குக் காற்றுக்கு 400 யார்டில் 0.4 மில், 500-ல் 0.5, 600-ல் 0.6. காற்று 12 மைல் என்றால் இரட்டிப்பு, 3 என்றால் பாதி. 700 யார்டைத் தாண்டினால் இந்தக் கணக்கு மெல்ல மெல்லக் குறைத்துக் காட்டத் தொடங்கும். அங்கிருந்து அட்டவணையைப் பாருங்கள். காற்று நேர்க்குறுக்காக வராதபோது: சுடும் திசைக்கு 30 டிகிரி கோணத்தில் வந்தால் பாதி, 45-க்கு 0.7, 60-க்கு 0.9. 45 டிகிரிக் காற்றைப் பாதி என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாரும் செய்கிற தப்பு.

காற்றுமானி உங்கள் மூக்குக்கு முன்னால் இருக்கிற காற்றைத்தான் அளக்கும். குண்டு போகிற வழியில் என்ன நடக்கிறது என்பதைக் கானல்தான் காட்டும். ஸ்பாட்டிங் ஸ்கோப்பை இலக்கில் குவித்துவிட்டு, குவியத்தை ஒரு நூலிழை கிட்டே இழுங்கள். தகடு லேசாக மங்கும். அதன் விளிம்பின் மேல் நீரோட்டம் போல அலைகள் தெரியும். அலை சாய்ந்து நகர்ந்தால் ஏறக்குறைய 3 முதல் 5 மைல். கிடையாக ஓடினால் 8-க்கு மேல். 12-ஐத் தாண்டினால் அலை கரைந்துபோய் ஒன்றும் படிக்க முடியாது, அப்போது புல்லையும் தூசியையும் கொடியையும் பாருங்கள். அலை நேர் மேலே, பால் பொங்குவது போல எழும்பினால் காற்று நின்றிருக்கிறது, அல்லது நேர் எதிரிலிருந்தோ முதுகுப் பக்கமிருந்தோ வருகிறது. அந்த நேரத்தில் சுடாதீர்கள். அது பெரும்பாலும் காற்று பக்கம் மாறப்போகிற நேரம். அலை மறுபடி ஒரு பக்கம் சாயும் வரை பொறுத்திருங்கள்.

குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று இரண்டு எண்ணை முடிவு செய்து, நடுவில் பிடித்துச் சுடுங்கள். 1000 யார்டுக்குக் குண்டு போய்ச் சேர ஒன்றரை வினாடி ஆகும். விழுந்த இடத்தை ரெட்டிகிளால் அளந்து, அந்த மில்லை அப்படியே திருப்பிப் பிடியுங்கள். ஸ்பாட்டராக (குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துச் சொல்பவராக) இருக்கும்போதும் "கொஞ்சம் வலது", "ரெண்டு அங்குலம்" என்று சொல்லாதீர்கள். "வலது 0.4" என்று மில்லில் சொல்லுங்கள்.

மேடான இடத்தில் நடக்கும் பயிற்சிக்கு ஒரு எச்சரிக்கை. நியூ மெக்ஸிகோவில் ராட்டன் அருகே உள்ள விட்டிங்டன் சென்டர் சுடுதளம் 6,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. ஹூஸ்டனில் 1000 யார்டுக்கு 9 மில்லை ஒட்டி ஏற்றியவர், அங்கே சுமார் 1 மில் குறைவாக ஏற்ற வேண்டியிருக்கும். காற்று அடர்த்தி குறைவு, குண்டு வேகத்தை மெதுவாகத்தான் இழக்கும். இங்கே நடக்கிற பெரிய தப்பு காற்றழுத்தத்தில். வானிலைச் செயலி காட்டுவது கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம், எந்த மலையில் நின்றாலும் 30 அங்குலத்தை (பாதரச அளவு) ஒட்டியே சொல்லும். உங்களுக்கு வேண்டியது நிற்கிற இடத்தின் உண்மையான அழுத்தம். அந்த உயரத்தில் அது 24-ஐ ஒட்டி இருக்கும். முதல் எண்ணைப் போட்டால் குண்டு தகட்டுக்கு மேலே ஒரு கெஜ உயரத்தில் பறக்கும்.

செயலி சொன்னதும் நிஜமும் ஒத்துப்போகாவிட்டால் உடனே எண்களை மாற்றத் தொடங்காதீர்கள். எல்லாத் தூரத்திலும் ஒரே மாதிரி 0.1 மில் பிசகு என்றால் குற்றம் ஸீரோவில். தூரம் கூடக்கூடப் பிசகும் வளர்ந்தால் வேகத்தில், அல்லது ஸ்கோப்பின் நகர்வில். தூக்குநூல் சோதனையை முடித்திருந்தால் ஸ்கோப்பைக் கழித்துவிடலாம். வேகத்தைத் திருத்த 700, 800 யார்டில் குறைந்தது ஐந்து குண்டு சுட்டு, அவற்றின் நடு உயரத்தை எடுங்கள். ஒற்றைக் குண்டை நம்பித் திருத்தினால் அடுத்த தகட்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

குறிப்பேட்டில் தூரம், ஏற்றிய மில், நினைத்த காற்று, பிடித்த காற்று, விழுந்த இடம், வெப்பநிலை, அழுத்தம், நேரம் எல்லாம் ஒரே வரியில் வரட்டும். "நினைத்த காற்று" என்பதைச் சுடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். சுட்ட பிறகு எழுதினால் கை தானாகவே சரியான எண்ணைத்தான் எழுதும். இரண்டாம் நாள் காலை, பேரல் குளிர்ந்திருக்கும்போது சுடுகிற முதல் குண்டுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அது விழுந்த இடத்தை 100 யார்டு அட்டையில் வட்டமிட்டு, தேதி போட்டு, அட்டையைக் கிழித்து வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.