இரண்டாம் வருஷ ஃபீஸ்

ஜூன் 2, 2025

மகளின் யூனிவர்சிட்டியிலிருந்து மெயில். இரண்டாம் வருஷத்துக்கு 2,85,000 ரூபாய். போன வருஷம் 2,60,000, அதில் பிளஸ் டூ மார்க்குக்காக 65,000 ஸ்காலர்ஷிப் கழித்து 1,95,000 கட்டினோம். அது தொடர சிஜிபிஏ, அதாவது பத்துக்கு மார்க் சராசரி, 9 வேண்டுமாம். பாப்பா 8.7. ஆக ஏறியது 25,000 இல்லை, 90,000.

அட்மிஷன் அன்று டை கட்டிய தம்பி ஒருவர் அந்த 65,000-ஐ பச்சை மையில் வட்டம் போட்டுக் காட்டினார். தாளை இன்று தேடி எடுத்தேன். அந்த 9 பின்பக்கம் இருக்கிறது, பொடி எழுத்தில். திருப்பிப் பார்க்காதது நான்தான்.

ஜூன் 5

பேங்க், லோனைக் கூட்டித் தருவார்களா என்று கேட்க. நாலு வருஷமும் 1,95,000 என்று கணக்குப் போட்டு 7.80 லட்சம், அதில் நம் பங்கு 5 சதவீதம் போக 7.41 லட்சம் லோன் வாங்கியிருந்தோம். ஜாமீன் சொத்து இல்லாமல் 7.5 லட்சம் வரைதான். "பத்திரம் ஏதாவது இருக்கா சார்?" என்றார் மேனேஜர் அம்மா. வீடு அண்ணனும் நானும் கூட்டு, அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. படிக்கிற காலத்து வட்டியை முழுசாக அரசே கட்டும் திட்டத்துக்கு வருஷ வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கணும், என் சம்பளம் அதைத் தாண்டிவிட்டது. பணக்காரன் என்று ஒருவர் சொல்லிக் கேட்டது இதுதான் முதல்முறை.

ஜூன் 9

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினேன். 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 3 சதவீத வட்டி மானியம் தரும் வித்யாலட்சுமி திட்டத்துக்கு முயற்சி பண்ணலாம் என்றார்கள், பார்ப்போம்.

பீரோவைக் குடைந்தபோது முதல் பட்டதாரி சான்றிதழ் கையில் வந்தது. விஏஓ, ஆர்ஐ என்று அலைந்து வாங்கியது. அதற்கான ஃபீஸ் சலுகை கவுன்சிலிங்கில் சேர்ந்தால்தான் செல்லும், பாப்பா படிக்கிற நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லாது. கவுன்சிலிங்கில் கிடைத்த காலேஜில் அரசு நிர்ணயித்த ஃபீஸ் 55,000-தான். பஸ் வசதி சரியில்லை என்று விட்டோம். பஸ்ஸாம்.

ஜூன் 13

ஃபீஸ் ஆபீசுக்கு நாலு தடவை போன் பண்ணியதில் இரண்டு தவணையாகக் கட்டலாம் என்று சம்மதித்தார்கள். "அடுத்த வருஷம் 9 எடுத்துடறேன்பா" என்றாள். ஸ்காலர்ஷிப் ஒருமுறை போனால் திரும்பக் கிடையாது என்பதும் அதே பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சீட்டு ஏலம். முப்பதாயிரம் தள்ளியாவது எடுக்கணும்.