அம்மா எழுந்து நிற்கிற வரைக்கும்

ஏப்ரல் 3, வியாழன்
கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடது தொடை எலும்பு, இடுப்புக்குப் பக்கத்தில் முறிவு. பாளையங்கோட்டை வந்து சேர ராத்திரி ஒன்பதரை ஆகிவிட்டது.

ஏப்ரல் 4
சர்க்கரை 310. அது இறங்கினால்தான் ஆபரேஷனாம்.

ஏப்ரல் 5, சனி
தூக்கமே வரவில்லை, டோனாவூர் ஞாபகமாகவே இருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் இப்படித்தான் விழுந்தார், 1931 அக்டோபரில், களக்காட்டில் ஒரு குழிக்குள். 1951 ஜனவரியில் கர்த்தருக்குள் நித்திரையடைகிற வரைக்கும் பெரும்பாலும் படுக்கையும் அந்த ஒரே அறையும்தான். கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி மட்டும் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அம்மா என்னை அங்கே கூட்டிப்போனாள், தொட்டியில் கிடந்த சருகைப் பொறுக்கிப் போட்டுவிட்டு எங்கள் பாட்டிலில் இருந்த தண்ணீரை அதில் ஊற்றினாள், திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. அந்தக் கையில்தான் இப்போது ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது.

அந்தப் படுக்கையில் இருந்துகொண்டு அந்த அம்மையார் எவ்வளவோ எழுதினார், எத்தனையோ பேருக்காக ஜெபித்தார், எல்லாம் தெரியும். ஆனாலும் ஆண்டவரே, எங்கம்மாவுக்கு அந்த இருபது வருஷம் வேண்டாம். இப்படிக் கேட்பது தப்பென்றால் மன்னியும்.

ஏப்ரல் 8
ஆபரேஷன் முடிந்தது, இரண்டரை மணி நேரம். அண்ணனும் மதினியும் வந்திருந்தார்கள். எங்கள் சபை போதகர் ஐயர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். அம்மா பாதி மயக்கத்தில் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "ஏட்டி, எதிர் பெட் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா?"

ஏப்ரல் 10
வாக்கர் வந்துவிட்டது. அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டு மாடியில் குருவிக்குத் தண்ணீர் யார் வைக்கிறார்கள் என்று மூன்று தரம் கேட்டுவிட்டாள்.

ஏப்ரல் 12
இன்றைக்கு அழுதாள். பிசியோதெரபி அக்கா எவ்வளவோ சொல்லியும் காலை ஊன்ற மாட்டேன் என்றுவிட்டாள். "திரும்ப விழுந்துருவேன்ட்டி. ஆண்டவர் என்னைய மறந்துட்டாரு போல." அப்பா இறந்த அன்றைக்குக்கூட அம்மா வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. பதில் சொல்லத் தெரியாமல் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தேன். வெடித்த குதிகால், வெடிப்புக்குள் இன்னும் எங்கள் தோட்டத்துச் செம்மண். ராத்திரி லைட்டை அணைத்த பிறகு இருட்டில் ஜெபிக்கிற சத்தம் கேட்டது. எதிர் பெட் பிள்ளையின் பேரும் அதில் இருந்தது.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு
அண்ணன் கோயிலிலிருந்து குருத்தோலைச் சிலுவை கொண்டுவந்தான். அம்மா அதை வாங்கி வாக்கரின் கைப்பிடியில் அவளே கட்டினாள். அப்புறம் எதுவும் சொல்லாமல் என் தோளைப் பிடித்தாள். கை நடுங்குகிறது, எனக்கும்தான். எழுந்து நின்றாள். நான் பத்து வரைக்கும் எண்ணினேன்.

ஏப்ரல் 14
மூன்று எட்டு வைத்தாள். நடுவில் நின்று, "பக்கத்து வீட்டு அத்தைக்குப் போனைப் போடு, வெயிலு கொளுத்துது, மாடியில தண்ணி ஊத்தச் சொல்லு" என்றாள்.